ஓரத்தில் இருந்த விண்டோ எங்கே போச்சு?

போன இதழில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தேன். டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆப்களை வைத்து வேலை பார்க்கும் வசதிகளைப் புதிது புதிதாக மாற்றுகிறார்களே, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று. வந்த கடிதங்களில் திட்டுதான் அதிகம். பாராட்டியவர்களும் உண்டு, ஆனால் பாராட்டுகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை, அதனால் இந்தப் பக்கத்தில் அவர்கள் தலை குறைவாகத்தான் தெரியும். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐபேடில் பாடப் புத்தகத்தின் பிடிஎஃபைத் திறந்து வைத்து, ஓரத்தில் நோட்ஸ் ஆப்பை இழுத்து வைத்துக்கொண்டுதான் பல வருஷமாகப் பாடக் குறிப்பு எழுதுகிறேன். அப்டேட் போட்ட மறுநாள் ஓரத்து நோட்ஸைக் காணோம். மேலே இருந்த மூன்று புள்ளியையும் காணோம். நான் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா?
(ஆசிரியை, தென்காசி)

பதில்: இல்லை டீச்சர், தப்பு உங்கள் பக்கம் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐபேடோஎஸ் 26-இல் (ஐபேடை இயக்கும் மென்பொருள்) ஆப்பிளே அதை எடுத்துவிட்டது. நீங்கள் சொல்கிற ஓரத்து விண்டோவுக்குப் பெயர் ஸ்லைட் ஓவர். திரையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது ஸ்ப்ளிட் வியூ. இரண்டும் 2015-இல் ஐஓஎஸ் 9 வந்தபோது வந்தவை, ஸ்ப்ளிட் வியூ அப்போது எல்லா ஐபேடிலும் கூட வேலை செய்யாது, ஏர் 2 வைத்திருந்தவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. அங்கிருந்து பத்து வருஷம் ஜனங்கள் கை பழகியாயிற்று. வலது ஓரத்திலிருந்து ஒரு இழுப்பு, நோட்ஸ் வந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு தள்ளு, போய்விடும். திடீரென்று ஒரு நாள் இரண்டையும் தூக்கிவிட்டு, ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் இருப்பது போல இஷ்டத்துக்கு இழுத்துப் பெரிதாக்குகிற, ஒன்றன் மேல் ஒன்று கிடக்கிற விண்டோக்களைக் கொண்டுவந்தார்கள். மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்கள், மேலிருந்து இழுத்தால் மெனு வரிசை. புதிய ஏற்பாடு மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு இழுப்பில் நடந்த காரியத்துக்கு இப்போது விண்டோவைத் திற, அளவைக் குறை, ஓரத்துக்கு நகர்த்து, பின்னால் இருப்பதைத் தொட்டதும் இது மறைந்துபோனால் மறுபடி தேடு என்று ஆகிவிட்டது.

உலகம் முழுக்க எழுந்த சத்தம் அவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். நவம்பரில் வந்த 26.1-இல் ஸ்லைட் ஓவர் திரும்பி வந்தது. அதனால் முதல் வேலையாக செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் போய் உங்களிடம் 26.0 இருந்தால் மேலே ஏற்றுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் அண்ட் ஜெஸ்சர்ஸ் என்பதைத் திறந்து விண்டோட் ஆப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோட்ஸைத் திறந்து, இடது மூலையில் அந்தப் பச்சைப் பொத்தானை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் விரியும், அதில் ஸ்லைட் ஓவர் இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் பழையபடி வலப்பக்கம் தள்ளி மறைக்கலாம், ஓரத்திலிருந்து இழுத்து வரவழைக்கலாம். முன்பு சீட்டுக்கட்டு மாதிரி நான்கைந்து ஆப்களை அந்த ஓரத்தில் அடுக்கி வைக்க முடிந்தது, இப்போது ஒன்றே ஒன்றுதான். பதிலுக்கு அந்த ஒன்றின் அகலத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், முன்பு அது முடியாது. பாடக் குறிப்புக்கு ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

பாதிப் பாதி வேண்டுமென்றால் இன்னும் சுலபம். விண்டோவின் மேல் பட்டையைப் பிடித்து இடது ஓரத்துக்கு ஒரு சுண்டு சுண்டினால் இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றை வலது பக்கம் சுண்டுங்கள். நடுவில் இருக்கும் கோட்டை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும். முதல் இரண்டு நாள் சுண்டும்போது விண்டோ எங்கேயோ பாதி வழியில் நின்று எரிச்சலைக் கிளப்பும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற அளவு வேகம் வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

கேள்வி: எளிமையாக இருக்கிறது என்றுதானே ஐபேட் வாங்கினோம். அதற்கு எதற்கு இந்தக் கம்ப்யூட்டர் வேஷம்? நான் பேப்பர் படிப்பேன், பேரனோடு வீடியோவில் பேசுவேன். தெரியாமல் மூலையில் கை பட்டாலே படிக்கிற பக்கம் சுருங்கிவிடுகிறது.
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், புதுச்சேரி)

பதில்: ஐயா, மேலே சொன்ன அதே மல்டிடாஸ்கிங் அண்ட் ஜெஸ்சர்ஸில் ஃபுல் ஸ்க்ரீன் ஆப்ஸ் என்று இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூலையில் கை பட்டாலும் எதுவும் சுருங்காது, பழைய ஐபேட் திரும்பிவிடும். உங்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதி தேவையில்லை.

கேள்வி: 2022-இல் பல விண்டோக்களைக் குழுவாக அடுக்கி வைக்கிற ஸ்டேஜ் மேனேஜர் வந்தபோது "உங்கள் ஐபேடுக்கு அந்த சக்தி இல்லை" என்றார்கள். இப்போது அதைவிடப் பழைய ஐபேடில் கூட விண்டோ பறக்கிறது. அப்போது சொன்னது பொய்யா?
(மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன், முழு உண்மை என்றும் சொல்ல மாட்டேன். நடந்தது இது. 2022 ஜூனில் ஐபேடோஎஸ் 16-ஐ அறிவித்தபோது, ஸ்டேஜ் மேனேஜர் எம்1 சிப் உள்ள ஐபேடுகளுக்கு மட்டும்தான் என்றது ஆப்பிள். ஒரே சமயத்தில் பல ஆப்களை உயிரோடு வைத்திருக்க நினைவகம் வேண்டும், வெளித்திரைக்கும் படம் காட்ட வேண்டும், எங்கே தொட்டாலும் உடனே அசைய வேண்டும் என்பது காரணம். 2018-இலும் 2020-இலும் கையைக் கடித்துக்கொண்டு ஐபேட் ப்ரோ வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். செப்டம்பரில் ஆப்பிள் இறங்கி வந்து அந்த இரண்டு ப்ரோக்களுக்கும் கொடுத்தது, வெளித்திரை மட்டும் கிடையாது என்று. இதற்கிடையில் அந்த ஐபேடோஎஸ்ஸே தள்ளிப்போய் அக்டோபரில்தான் வந்தது, வெளித்திரை வசதிக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு, அப்போது திரையில் நான்கு விண்டோவுக்கு மேல் வைக்க முடியவில்லை, அளவையும் அது சொல்கிற படிகளில்தான் மாற்ற முடிந்தது. பிடித்துப்போனவர்களுக்கு மிகவும் பிடித்தது, மற்றவர்கள் ஒரு வாரத்தில் அணைத்துவிட்டார்கள்.

ஐபேடோஎஸ் 26-இல் என்னவென்றால் 8-ஆம் தலைமுறை சாதா ஐபேடில் கூட விண்டோ வருகிறது. அதில் இருப்பது 3 ஜிபி நினைவகம். அதாவது மொத்தமாக முடியாது என்பது இல்லை, "எல்லா விண்டோவும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும்" என்ற பிடிவாதத்தைத் தளர்த்தினால் முடியும். பழைய ஐபேடில் திரைக்கு வந்திருக்கிற சில விண்டோதான் ஓடும், பின்னால் போனவை உறைந்து கிடக்கும், தொட்டால் எழுந்திருக்கும், சில சமயம் எழுந்திருக்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கும். எனக்கே ஒருமுறை ஆனது. ஒரு ஆப்பில் (பெயர் எதற்கு) இந்தப் பத்திக்காக எழுதிக்கொண்டிருந்த இரண்டு பாராக்கள், நடுவில் பிரவுசருக்கும் போட்டோவுக்கும் போய்விட்டுத் திரும்பினால் வெள்ளைத் திரை. அன்றிலிருந்து தானாகச் சேமிக்காத ஆப்பை இரண்டாவது விண்டோவாகத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஒரு விண்டோவை நகர்த்தலாம் என்று பிடித்தால் மேலே கட்டம் கட்டமாக ஒன்று தொங்குகிறது. அவசரத்தில் அதில் இடித்து விண்டோ வேறு வடிவத்துக்குப் போய்விடுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி தேதி அன்று இது தேவையா?
(வரி ஆலோசகர் அலுவலகம், ஈரோடு)

பதில்: தேவையில்லைதான், அன்று மட்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங், அதில் ஸ்னாப் விண்டோஸ் என்ற வரியை விரித்தால் கீழே டிக் டிக்காக இருக்கும். விண்டோவை மேலே இழுக்கும்போது ஸ்னாப் லேஅவுட் காட்டவேண்டும் என்கிற டிக்கை மட்டும் எடுங்கள். மொத்தத்தையும் அணைக்காதீர்கள், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு அது உண்மையிலேயே உதவும்.

எப்படி என்றால், விண்டோஸ் பொத்தானோடு இசட்டை அழுத்துங்கள். அதே கட்டங்கள் நீங்கள் கூப்பிட்டதால் வரும், எண் போட்டிருக்கும், மவுஸே வேண்டாம், எண்ணைத் தட்டினால் இடம் பிடித்துக்கொள்ளும். இடது பாதியில் எக்செல், வலது மேலே ஜிஎஸ்டி தளம், வலது கீழே கட்சிக்காரர் அனுப்பிய பில்களின் பிடிஎஃப். ஒருமுறை அமைத்துவிட்டால் மூன்றும் ஒரு குழுவாக டாஸ்க்பாரில் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் யாராவது வந்து "ஒரு மெயில் அனுப்புங்கள் சார்" என்றால் அனுப்பிவிட்டு, ஆல்ட்-டாப் அடித்து அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி திரும்ப வரும். 2021-இல் விண்டோஸ் 11 கொண்டுவந்ததில் எனக்கு உருப்படியாகப் பட்டது இந்த ஒன்றுதான். டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலேயோ வைக்க விடாமல் பிடுங்கியதும், ஃபைலை டாஸ்க்பார் ஐகான் மேல் இழுத்துப் போடுவதை முதல் ஒரு வருஷம் காணாமல் அடித்ததும் அதே விண்டோஸ் 11-தான், அதையும் சொல்லாமல் விட முடியாது.

சின்ன லேப்டாப் திரையாக இருந்தால் மூன்றாகப் பிரிக்காதீர்கள், எக்செல்லில் பத்திகள் பாதி தெரியாமல் போய் சைடில் உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். அதற்குப் பழைய வித்தையே போதும், விண்டோஸ் பொத்தானும் இடது அம்பும், விண்டோஸ் பொத்தானும் வலது அம்பும். இது 2009-இல் விண்டோஸ் 7-இலிருந்தே இருக்கிறது, இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை, 1985-இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறவே ஏறாது, பக்கம் பக்கமாக ஓடு பதித்த மாதிரிதான் நிற்கும். மேலே ஏற விட்டதை அப்போது பெரிய முன்னேற்றம் என்றார்கள். இப்போது மறுபடி ஓடு பதிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கேள்வி: ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும்தானா? ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கிற எங்களைக் கண்ணில் தெரியவில்லையா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தெரிகிறது தம்பி. உண்மையைச் சொன்னால் நீங்கள்தான் மூத்தவர்கள். சாம்சங் 2012-இல் கேலக்ஸி நோட் 10.1-லேயே திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டியது, ஆப்பிள் அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. 2017-இல் எஸ்8 போனோடு டெக்ஸ், அடுத்த வருஷம் டேப் எஸ்4-இல் டேப்லெட் திரையிலேயே டெக்ஸ், அதாவது இழுத்து நகர்த்துகிற விண்டோக்கள், கீழே டாஸ்க்பார். ஐபேட்காரர்கள் 2025-இல் "அப்பாடா" என்றதை நீங்கள் ஏழு வருஷம் முன்பே பார்த்தாயிற்று. கூகுள் 2016-இல் ஆண்ட்ராய்டு 7-இல் ஸ்ப்ளிட் ஸ்க்ரீனைப் பொதுவாக்கியது, பெரிய திரைக்கென்றே 2022-இல் ஆண்ட்ராய்டு 12எல் விட்டது.

பிறகு ஏன் யாரும் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதில்லை என்றால், ஆப்கள். நிறைய ஆண்ட்ராய்டு ஆப்கள் போன் அளவுக்கே தைத்த சட்டை. டேப்லெட்டில் விரித்தால் நீளமான போன் போல இழுபடும், சுருக்கினால் பொத்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். உங்கள் டேப்லெட்டில் வாங்கிய அன்றே ஒரு பரீட்சை வையுங்கள்: தினம் பயன்படுத்துகிற மூன்று ஆப்களைப் பாதித் திரையில் திறந்து பாருங்கள். அதில் தேறினால் போதும், மற்றதெல்லாம் விளம்பரம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஒரு விண்டோவில் தமிழ் அடித்துவிட்டு அடுத்ததில் ஆங்கிலத்தில் தேடப் போனால் கீபோர்டு தமிழிலேயே நிற்கிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை மொழியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதை எவனும் எழுதுவதில்லை.
(மொழிபெயர்ப்பாளர், கோவை)

பதில்: நல்ல கேள்வி. இதை எழுதாதவர்களில் நானும் ஒருவன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். எனக்கும் இதே வியாதி, தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் அடிக்கிறேன். கூகுள் பெட்டியில் தி என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் "ஏகூ" என்று வந்து நிற்கும். திரும்பி வந்து அம்மா என்று அடித்தால் ஏ-கே-கே-க்யூ என்று ஆங்கில எழுத்தாக விழும். திரை இரண்டாகப் பிரிந்தாலும் கீபோர்டு ஒன்றுதான் என்பதை இந்த வசதிகளைத் திட்டமிடுகிறவர்கள், ஒரே மொழியில் வாழ்கிறவர்கள், பெரும்பாலும் யோசிப்பதில்லை.

விண்டோஸில் இதற்கு மருந்து இருக்கிறது, ஒளித்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். அங்கே ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி உள்ளீட்டு முறை வேண்டும் என்கிற டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். அதன்பின் வேர்டு தமிழிலேயே இருக்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே இருக்கும், நீங்கள் விண்டோவை மாற்றும்போது கீபோர்டும் கூடவே மாறும். மேக்கில் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸுக்குள் ஆவணத்துக்கு ஏற்பத் தானாக மாறுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. பிரவுசருக்குள்ளேயே இரண்டு டாபில் இரண்டு மொழி என்றால் மட்டும் இது உதவாது, தமிழுக்கு ஒரு விண்டோ, தேடலுக்கு இன்னொரு விண்டோ என்று பிரித்துவிடுங்கள்.

ஐபேடில் வேறு தலைவலி. திரைக் கீபோர்டு எழுந்தால் படுக்கைவாட்டில் பாதித் திரையைத் தின்றுவிடும், மேலே மிச்சமிருக்கிற இடத்தில் இரண்டு மொழிக்கும் நாலு நாலு வரிதான் தெரியும். கீபோர்டின் மேல் இரண்டு விரலை வைத்துக் கிள்ளினால் போன் அளவுக்குச் சுருங்கி மிதக்கும், ஆனால் அதில் தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடிக் குத்துவதற்குள் வாக்கியம் மறந்துபோகும். தொழிலாகவே செய்கிறவர் நீங்கள், ப்ளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கிவிடுங்கள். விண்டோக்கள் எல்லாம் முழு உயரத்துக்கு விரியும், அன்றுதான் இந்தப் புதிய வசதி எதற்கு வந்தது என்று புரியும்.

கேள்வி: மேக்கில் ஸ்டேஜ் மேனேஜரை நிஜமாக யாராவது பயன்படுத்துகிறார்களா?
(வடிவமைப்பாளர், சென்னை)

பதில்: எனக்குத் தெரிந்து ஒருவர், அவரும் பெரிய திரை வாங்கியபின் விட்டுவிட்டார். 2003-இல் வந்த, திறந்திருக்கும் விண்டோக்களை எல்லாம் ஒரே பார்வையில் பரப்பிக் காட்டுகிற எக்ஸ்போஸேவும், 2024-இல் மேக்கின் செக்கோயா பதிப்பில் வந்த ஓரத்தில் ஒட்டவைக்கும் வசதியும் எனக்குப் போதுமாக இருக்கிறது. விண்டோஸில் 2009-இல் இருந்ததை மேக் 2024-இல் கொடுத்ததற்குக் கைதட்ட வேண்டுமா என்பது வேறு பேச்சு.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிற மகள், டேப்லெட்டில் வகுப்பு வீடியோ ஒரு பக்கம், நோட்ஸ் ஒரு பக்கம், நடுவில் குட்டியாக கிரிக்கெட். "மல்டிடாஸ்கிங்மா" என்கிறாள். விடலாமா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: முதல் இரண்டையும் விடுங்கள் அம்மா, மூன்றாவதைத்தான் பிடிக்க வேண்டும். வீடியோவும் நோட்ஸும் ஒரே வேலை, இலையில் சாதமும் குழம்பும் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிட முடியும். கிரிக்கெட் இன்னொரு வேலை. 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள், பல ஊடகங்களை ஒரே நேரத்தில் பார்க்கிற பழக்கம் அதிகம் உள்ளவர்கள் தேவையில்லாததை ஒதுக்கித் தள்ளுவதில் பின்தங்கினார்கள் என்று வந்தது. பிறகு அதையே திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை வரவில்லை, அதனால் அதைச் சொல்லி மகளிடம் வாதாடாதீர்கள், அவள் தேடிப் பார்த்து உங்களை மடக்கிவிடுவாள். ஸ்கோர் மட்டும் பார்க்கட்டும், ஓவர் இடைவெளியில். கடைசி ஐந்து ஓவர் என்றால் வகுப்பு வீடியோவை நிறுத்திவிட்டு முழுத்திரையில் நீங்களும் சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: என்னிடம் 7-ஆம் தலைமுறை ஐபேட். இந்த விண்டோ வசதி எனக்கு எப்போது வரும்?
(புகைப்படக்காரர், நாகர்கோவில்)

பதில்: வராது. ஐபேடோஎஸ் 26 அதில் ஏறாது, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். ஆனால் ஒன்று பாருங்கள், தென்காசி டீச்சர் தேடிக்கொண்டிருந்த பழைய ஸ்லைட் ஓவர், சீட்டுக்கட்டு அடுக்கோடு, உங்களிடம் அப்படியே இருக்கிறது. கீழிருந்து டாக்கை லேசாக எழுப்பி, வேண்டிய ஆப்பை வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே இழுத்து விடுங்கள், ஓரத்திலேயே விட்டால் திரை பாதியாகப் பிரிந்துவிடும்.

அடுத்த இதழில் பிரின்டர். திட்டுகிற கடிதங்களை இப்போதே அனுப்பலாம்.